பேர்ல்ஸ் ஹில் பூங்கா கேச்: மூன்று தடவை போயும் கையில் சிக்கவில்லை

வழிப்போக்கன்65 | ஞாயிறு, இரவு 9:12

வணக்கம் மக்களே. எட்டு வருஷமா சிங்கப்பூர்ல ஊட்ரம் பார்க் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல இறங்கித்தான் வேலைக்குப் போறேன். ஸ்டேஷனுக்குப் பின்னாடி ஒரு குன்று இருக்கு, அது மேல ஒரு பூங்கா இருக்குன்னு போன மாசம் வரைக்கும் தெரியாது. ஜியோகேச், அதாவது யாரோ ஒளிச்சு வச்ச பெட்டியை ஜிபிஎஸ் வச்சுத் தேடுற விளையாட்டு, அந்த ஆப்ல ஒரு புள்ளி காட்டுச்சு, அப்புறம்தான் தெரிஞ்சது. அந்தப் பெட்டிக்குப் பேர்தான் கேச். பேர்ல்னா முத்துதானே, முத்துமலைப் பூங்கான்னு நானே பேர் வச்சுக்கிட்டேன்.

கேச் வகை மைக்ரோ, அதாவது ரொம்பச் சின்னது. கண்டுபிடிக்கிற கடினம் 5க்கு 3, நடக்கிற தரை 5க்கு 1.5. கடைசியா எழுதியிருக்கிற நாலு பேர்ல மூணு பேர் டிஎன்எஃப், அதாவது "கிடைக்கவில்லை". என் கதை இது:

முதல் தடவை போனதைச் சொல்ல வெட்கமா இருக்கு. ஆப்ல இருந்த ஆயத்தொலைவை, அதாவது இடத்தைக் காட்டுற எண்களை, வேற மேப்ல கையால தட்டிப் போட்டேன். அது கொண்டுபோய் விட்ட இடம் சைனாடவுன் ஸ்டேஷன் பக்கம், டுரியான் கடை முன்னாடி. அங்கே எங்கே பூங்கா? கால் மணி நேரம் முழிச்சுட்டு, ஒரு கரும்புச் சாறு குடிச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

ரெண்டாவது தடவை சரியா குன்று மேலயே போனேன். போன்ல அம்பு ஒரு நிமிஷம் இந்தப் பக்கம், ஒரு நிமிஷம் அந்தப் பக்கம். நடைபாதை ஓரத்துக் கைப்பிடிக் கம்பி, ஒரு பெஞ்ச், ஒரு பெரிய மரம், இந்த மூணுக்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருந்துச்சு. மூணையும் தடவினேன், எறும்பு கடிச்சதுதான் மிச்சம்.

மூணாவது தடவை மழை. அதோட, அங்கே கை காலை வீசி உடற்பயிற்சி பண்ற ஒரு சீனத் தாத்தா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார். ரெண்டாவது தடவையும் அவர் இருந்தார்னு நினைக்கிறேன். கூச்சமா போச்சு, திரும்பிட்டேன்.

கேச் காணாம போயிடுச்சா, இல்ல என் கண்ணுதான் சரியில்லையா?

---

காந்தமுள் | ஞாயிறு, இரவு 10:03

முதல்ல டுரியான் கடை விஷயம். ஆப் கொடுக்கிறது பாகை, அப்புறம் தசம நிமிடம். தீர்க்கரேகையில 50.37ன்னு இருந்தா 50 நிமிடமும் இன்னொரு நிமிடத்துல நூத்துக்கு 37 பங்கும். அதை 50 நிமிடம் 37 நொடின்னு போட்டீங்க, அப்படித்தானே? .37 நிமிடம்னா 22 நொடிதான். 15 நொடி கூடிப்போச்சு. நொடிக்கு ஏறக்குறைய 31 மீட்டர், ஆக 460 மீட்டர் கிழக்கே. குன்றுலேர்ந்து கிழக்கே அவ்வளவு தூரம் நடந்தா சைனாடவுன் ஸ்டேஷன்தான் வரும். கணக்கு சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு.

இதையும் மனசுல வச்சுக்கோங்க: கடைசி இலக்கம், அதாவது நிமிடத்துல ஆயிரத்தில் ஒரு பங்கு, 1.85 மீட்டர். நாம பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கிறதால வடக்கு தெற்குக்கும் கிழக்கு மேற்குக்கும் அதே அளவுதான். லண்டன்ல கிழக்கு மேற்கா அது 1.15 மீட்டராச் சுருங்கிடும்.

அம்பு ஆடுறதுக்குக் காரணம் மரமும் கட்டடமும். செயற்கைக்கோள் அலை ஈரமான இலையில அடங்கிப்போகும், பக்கத்துக் கோபுரச் சுவர்ல பட்டுத் திரும்பி வரும். போன் அந்தத் திரும்பி வந்த அலையையும் நேரா வந்ததா நினைச்சுக் கணக்குப் போடும். அதனால கடைசிப் பத்து மீட்டர்ல போனை பையில போட்டுடுங்க. "நான் ஒளிச்சு வைக்கணும்னா எங்கே வைப்பேன்?"னு யோசிங்க. அம்பைப் பார்த்துக்கிட்டே சுத்துறவனுக்கு எறும்புதான் கிடைக்கும்.

ஹின்ட் பார்த்தீங்களா?

---

சுடோகு_சித்தி | ஞாயிறு, இரவு 10:20

ஒரு நிமிஷம் பா. எனக்கு ஒண்ணுமே புரியல. பெட்டியை யாரோ ஒளிச்சு வைக்கிறாங்க, நீங்க போய்த் தேடுறீங்க, அப்புறம்? உள்ளே என்ன, தங்கமா?

---

காந்தமுள் | ஞாயிறு, இரவு 10:41

சித்தி, உள்ள ஒரு துண்டுக் காகிதம். நீங்க வந்ததுக்கு அடையாளமா கையெழுத்து போட்டுட்டு, எடுத்த இடத்துலயே வச்சுட்டு வரணும். பெரிய பெட்டின்னா பொம்மை, நாணயம்னு கொஞ்சம் சாமான் இருக்கும். ஒண்ணை எடுத்தா அதே மதிப்புல ஒண்ணை வைக்கணும். அவ்வளவுதான். இதுக்காக வேகாத வெயில்ல மலை ஏறுற கூட்டம் உலகம் பூரா இருக்கு.

ஆரம்பிச்ச கதையும் நல்லா இருக்கும். 2000 மே மாசம் வரைக்கும் அமெரிக்க ராணுவம் ஜிபிஎஸ் அலையை வேணும்னே கொஞ்சம் கெடுத்துத்தான் பொதுமக்களுக்குக் கொடுத்துச்சு. நூறு மீட்டர் வரைக்கும் பிழை வரும். மே தொடக்கத்துல அதை நிறுத்தினாங்க. மே 3ஆம் தேதியே டேவ் உல்மர்னு ஒருத்தர் ஆரிகன் மாநிலத்துல ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைக் காட்டுல வச்சு, அந்த இடத்தோட எண்களை இணையத்துல போட்டார். உள்ள புத்தகம், உண்டிவில், ஒரு டின் அவரை. மூணே நாளுக்குள்ள ஆள் போய் எடுத்துட்டாங்க. அந்த அவரை டின்னை இன்னைக்கும் பத்திரமா வச்சு, விழாக்களுக்குக் கொண்டுபோறாங்க. அந்த வாளியைப் பாதி புதைச்சு வச்சிருந்தாங்க. இப்போ மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாதுன்னு விதி.

---

சுடோகு_சித்தி | ஞாயிறு, இரவு 10:48

அவரை டின்னைக் கும்பிடுறவங்களா நீங்கல்லாம். சரி, தொடருங்க. நான் ஓரமா உட்கார்ந்து பார்க்கிறேன்.

---

மணற்கடிகாரம் | திங்கள், காலை 7:30

உற்சாகத்தைக் கெடுக்கிறேன்னு நினைக்க வேண்டாம். நான் பாதுகாப்பு வேலையில இருக்கேன். பூங்காவுல ஒருத்தர் பெஞ்சுக்கு அடியில கையை விட்டுத் துழாவுறார், சுத்தும் முத்தும் பார்க்கிறார், யாராவது வந்தா போன் பேசுற மாதிரி நடிக்கிறார். என்னை மாதிரி ஆளுக்கு இது எப்படித் தெரியும்?

2017 ஏப்ரல்ல உட்லீ எம்ஆர்டி ஸ்டேஷனை மூணு மணி நேரம் மூடினது ஞாபகம் இருக்கா? தரையில பல இடத்துல வெள்ளைப் பொடி. கடைசியில பார்த்தா மாவு. ஓட்டக் குழுவுக்கு வழி காட்ட ஒருத்தர் தூவிட்டுப் போயிருக்கார். அவருக்கு அது விளையாட்டு. அன்னைக்குத் தவிச்ச பயணிகளுக்கு? அவரைக் கைதும் பண்ணாங்க.

யாருக்கும் சொல்லாம பொது இடத்துல ஒரு டப்பாவை வைக்கிறது எனக்குச் சரியாப் படல.

---

காந்தமுள் | திங்கள், மதியம் 12:50

உட்லீ விஷயம் நியாயமான எடுத்துக்காட்டு, மறுக்க மாட்டேன். "யாருக்கும் சொல்லாம" அப்படிங்கிறதுதான் தப்பு. இடத்துக்குச் சொந்தக்காரங்க அனுமதி வாங்கித்தான் வைக்கணும்னு விதியிலேயே இருக்கு. வச்சதும் நேரா ஆப்ல வந்துடாது, தன்னார்வலர் ஒருத்தர் சரிபார்த்த பிறகுதான் வரும். இன்னொரு பெட்டியிலேர்ந்து 161 மீட்டர் தள்ளித்தான் வைக்கலாம். எல்லாரும் இந்த அனுமதியை ஒழுங்கா வாங்குறாங்களான்னு கேட்டா... அங்கே நான் வாயை மூடிக்கிறேன்.

---

மணற்கடிகாரம் | திங்கள், மதியம் 1:05

மூடாதீங்க, சொல்லுங்க. சாப்பாட்டு டப்பா அளவுக்கு இருக்கிறதை மரப் பொந்துல சொருகுறாங்க. மூடி உடைஞ்சா மழைத் தண்ணி நிக்கும். வீட்டுல பூந்தொட்டித் தட்டுல தண்ணி நின்னாலே ஏடிஸ் கொசுன்னு அபராதம் போடுற ஊர் இது. வச்சவர் வேலை மாறி ஊரை விட்டே போயிருப்பார். அந்த டப்பாவை யார் பார்க்கிறது?

---

காந்தமுள் | திங்கள், மதியம் 1:22

இந்தக் கொசு விஷயத்துல உங்க பக்கம்தான் நான். கைவிட்ட பெட்டிகள் இந்த விளையாட்டோட பெரிய தலைவலி. தொடர்ந்து டிஎன்எஃப் விழுந்தும் உரிமையாளர் போய்ப் பார்க்கலன்னா, சரிபார்க்கிறவங்க அதை நிறுத்தி வச்சுடுவாங்க. நிறுத்தி வச்சாலும் டப்பா தானா நடந்து குப்பைத் தொட்டிக்குப் போகாது, உண்மைதான். நான் தேடப் போற இடத்துல உடைஞ்சது எதுவும் கண்ணுல பட்டா, உரிமையாளருக்கு எழுதிட்டு எடுத்துட்டு வந்துடுவேன்.

ஆனா வழிப்போக்கன் தேடுறது டப்பா இல்லன்னு நினைக்கிறேன்.

---

தேக்கா_மாமா | திங்கள், மாலை 6:15

தம்பி வழிப்போக்கன், முத்துமலை என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே முத்து ஒன்றும் இல்லை. அது ஆள் பெயர். சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் 1819இல் இங்கே வந்த இந்தியானா கப்பலின் கேப்டன் ஜேம்ஸ் பேர்ல். குன்றை வாங்கித் தோட்டம் போட்டார், பிறகு அரசாங்கம் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டது.

நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊரில்தான். அந்தக் குன்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டான் டோக் செங் மருத்துவமனை என்று இப்போது நொவீனாவில் இருக்கிறதே, அதற்கு 1844இல் முதல் அடிக்கல் நாட்டியது பேர்ல்ஸ் ஹில்லில்தான். குன்றின் அடியில் ஊட்ரம் சிறை. அறுபதுகளில் அதை இடித்து அடுக்குமாடி வீடுகளும் கடைகளும் கட்டினார்கள். எனக்கு முதன்முதலில் பள்ளிச் சப்பாத்து வாங்கியது அந்தக் கடைத்தொகுதியில். 2000களின் தொடக்கத்தில் அதையும் இடித்துவிட்டார்கள்.

சிறையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு நேரம். இங்கே நிறுத்தியிருந்த இந்தியப் படைப்பிரிவின் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். அடக்கிய பிறகு 47 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதுவும் சிறைச் சுவருக்கு வெளியே, ஊர் கூடி வேடிக்கை பார்க்கும்படி. நீங்கள் தினமும் இறங்கும் ஸ்டேஷனைச் சுற்றிய மண் அது.

குன்றின் மேலே சீக்கியப் போலீஸ்காரர்களுக்கு முப்பதுகளில் கட்டிய குடியிருப்பு இன்னும் நிற்கிறது. உச்சியில் வேலி போட்ட நீர்த்தேக்கம். பூங்காவில் தாமரைக் குளம் ஒன்று உண்டு, பார்த்தீர்களா? பக்கத்தில் குதிரை லாட வடிவத்தில் பேர்ல் பேங்க் அடுக்குமாடி நின்றது, 38 மாடி, 1976இல் முடித்தார்கள். அந்தக் காலத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். 2018இல் 728 மில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மொத்தமாக விற்று, பிறகு இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே புதிதாக இரட்டைக் கோபுரம். காந்தமுள் தம்பி சொல்கிற அலை அந்தச் சுவரில்தான் பட்டுத் திரும்புகிறது போலிருக்கிறது.

இந்த ஊரில் மனிதரைவிடக் கட்டடம் சீக்கிரம் செத்துப்போகிறது. அதனால்தான் உங்கள் காகிதத் துண்டு அங்கே இன்னும் இருக்கிறதா என்று எனக்கும் ஆவல்.

---

வழிப்போக்கன்65 | திங்கள், இரவு 8:40

மாமா, இதைப் படிச்சுட்டு இன்னைக்கு ஸ்டேஷன்ல இறங்கி வெளிய வந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டேன். தாமரைக் குளம் பார்த்தேன், ஆனா கேச் தேடுற அவசரத்துல சரியா கவனிக்கல.

ஹின்ட் மாத்திப் பார்த்துட்டேன். "உட்காரும் இடத்தில் இல்லை, கை வைக்கும் இடத்தில்" அப்படிங்கிற மாதிரி இருக்கு.

---

லண்டன்_லோகு | திங்கள், இரவு 11:55

எனக்கும் இப்பிடி ஒண்டு நடந்தது. சென்ட் போல்ஸ் தேவாலயத்துக்குக் கிட்ட போஸ்ட்மேன்ஸ் பார்க் எண்டு சின்னப் பூங்கா. பக்கத்துக் கந்தோரில மூண்டு வருசம் வேலை செய்தனான், ஒருநாளும் உள்ள போகேல்ல. உந்தக் கேச் விசரிலதான் முதன்முதல் போனனான். அங்க ஒரு கூரைக்குக் கீழ சுவர் முழுக்க மண் ஓடுகள். மற்றவையைக் காப்பாத்தப் போய்ச் செத்த சாதாரண சனத்தின்ர பேர்கள். வாட்ஸ் எண்ட ஓவியர் 1900இல வைச்சது. ஆலிஸ் எயர்ஸ் எண்ட பெட்டை 1885இல நெருப்புக்குள்ள இருந்து மூண்டு பிள்ளையளைக் காப்பாத்திப்போட்டுச் செத்தவ. முந்தி அது பக்கத்தில இருக்கிற சென்ட் பொட்டோல்ப் தேவாலயத்தின்ர சவக்காலை, பழைய நடுகல்லுகளைச் சுவரோட சாத்தி வைச்சிருக்கினம்.

அண்டைக்கு நான் கேச்சைத் தேட மறந்தே போனன். பிறகு வேற நாள் போய் எடுத்தனான்.

---

சுடோகு_சித்தி | செவ்வாய், காலை 6:10

அது என்ன "ஹின்ட் மாத்திப் பார்த்துட்டேன்"? மாத்துறதுன்னா?

---

காந்தமுள் | செவ்வாய், காலை 8:02

தெரியாம கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு ஆங்கில எழுத்தைப் பதிமூணு இடம் தள்ளி எழுதுவாங்க. இருபத்தாறு எழுத்துல பாதி பதிமூணு. அதனால இன்னொரு தடவை பதிமூணு தள்ளினா பழைய எழுத்தே வந்துடும். தமிழ்ல 247 எழுத்து, ஒற்றைப்படை. பாதியும் வராது, ஒண்ணும் வராது. தப்பிச்சோம்.

வழிப்போக்கன், இந்த ஹின்ட்டுக்கு மேல சொன்னா விளையாட்டு கெட்டுடும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன். பூங்கா மைக்ரோல நிறைய காந்தம் வச்சதா இருக்கும். பளபளன்னு இருக்கிற துருப்பிடிக்காத எஃகுல பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. பெயின்ட் அடிச்ச சாதா இரும்பைத் தடவுங்க. பென்சில் முனை ரப்பர் அளவுதான் இருக்கும். பார்வைக்கு ஆணித் தலை மாதிரி தெரியும்.

---

வழிப்போக்கன்65 | செவ்வாய், காலை 8:15

அண்ணே, அப்போ கைப்பிடிக் கம்பி! ஆயத்தொலைவு இங்கே போடுறேன், யாராவது அந்தப் பக்கம் போனா ஒரு எட்டு பாருங்களேன்: [நீக்கப்பட்டது]

---

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 9:00

ஆயத்தொலைவை நீக்கியுள்ளேன். கேச் இருக்குமிடத்தை இங்கே வெளிப்படையாகப் போட வேண்டாம். தேடாமல் எடுப்பவர்களும் இருக்கிறார்கள், எடுத்துக்கொண்டு போய்விடுபவர்களும் இருக்கிறார்கள்.

---

மணற்கடிகாரம் | செவ்வாய், இரவு 7:44

ரப்பர் அளவுன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல. கொசுவும் முட்டை போடாது, ஸ்டேஷனும் மூட வேண்டாம். ஆனா வழிப்போக்கன், தயவுசெஞ்சு போன் பேசுற மாதிரி நடிக்காதீங்க. அதுதான் சந்தேகத்தைக் கிளப்புது. யாராவது கேட்டா உள்ளதைச் சொல்லிடுங்க.

---

வழிப்போக்கன்65 | சனி, காலை 11:35

கிடைச்சுடுச்சு!!!

கொஞ்சம் பெரிய கதை. காலை ஏழரைக்கே போயிட்டேன். மாமா சொன்னதுக்காக முதல்ல குளத்துக்குப் போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். ரெண்டு தாமரை திறந்திருந்துச்சு, ஒரு காட்டுக்கோழி குஞ்சுகளோட மேஞ்சுக்கிட்டிருந்துச்சு. அப்புறம் கம்பி. பச்சை பெயின்ட் அடிச்ச இரும்பு, பழைய பெயின்ட்டுக்கு மேல புது பெயின்ட், தடவினா மேடும் பள்ளமுமா இருக்கு. ஒவ்வொரு கம்பத்துலயும் அடிப்பக்கம் விரலை விட்டுக்கிட்டே போனேன். ஆறு கம்பம் பார்த்தேன். ஒண்ணும் இல்ல.

அந்தத் தாத்தா அதே இடத்துல கை வீசிக்கிட்டு இருந்தார். மணற்கடிகாரம் சொன்னது ஞாபகம் வந்துச்சு. நேரா அவர்கிட்டயே போய், எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலீஷ்ல, "அங்கிள், இங்கே சின்னதா ஒரு காந்தம் தேடுறேன், ஆணி மாதிரி இருக்கும்"னேன். அவர் கை வீசுறதை நிறுத்தவே இல்ல. வீசிக்கிட்டே, "ஓ, த ஸ்க்ரூ! ஆல்வேஸ் ட்ராப் டௌன். ஐ புட் பேக் லா"ன்னார்.

கம்பியிலேர்ந்து கழண்டு விழுற ஸ்க்ரூன்னு நினைச்சுக்கிட்டு, கீழ கிடக்கிறப்பல்லாம் எடுத்து மாட்டி வச்சிருக்கார்! முதல் தடவை மாட்டினப்போ எந்த ஓட்டைன்னு தெரியாம, பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பியில மாட்டிட்டாராம். "தேர் ஒன் ஸ்க்ரூ மிஸ்ஸிங்"னு காரணமும் சொன்னார். நிஜமாவே அந்தக் கம்பத்துல ஒரு ஸ்க்ரூ இல்ல. அந்த ஓட்டை மேல கச்சிதமா உட்கார்ந்திருக்கு நம்ம கேச். நாலு மீட்டர் தள்ளி. அதான் அத்தனை டிஎன்எஃப்.

திருகித் திறந்தேன். உள்ள சுண்டுவிரல் நகம் அகலத்துல ஒரு காகிதச் சுருள். கையெழுத்து போடப் போறப்போ பார்த்தா பேனா இல்ல. நாலு தடவை போனதுல ஒரு தடவைகூடப் பேனா எடுத்துக்கிட்டுப் போனதில்லைன்னு அப்போதான் உறைச்சுது. தாத்தாகிட்டயும் இல்ல. கீழ இறங்கி, கடையில ஒரு பேனா வாங்கி, திரும்ப ஏறினேன். தாத்தா அதுவரைக்கும் சுருளைக் கையில வச்சுக்கிட்டு பெஞ்சுல உட்கார்ந்து, யார் யார் பேரோ எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிட்டிருந்தார்.

இப்போ ரெண்டு சந்தேகம். ஒண்ணு, சுருள்ல இடமே இல்ல, ஓரத்துல நெருக்கிப் போட்டேன். புதுச் சுருள் நானே வைக்கலாமா? ரெண்டு, பழைய இடத்துல மாட்டணுமா, இல்ல இப்போ இருக்கிற இடத்துலயே விடணுமா?

---

காந்தமுள் | சனி, மதியம் 12:10

வாழ்த்துகள்! இருபது வருஷமா இந்த விளையாட்டுல இருக்கேன், இந்த மாதிரி பராமரிப்பாளரைக் கேள்விப்பட்டதில்ல. சுருளுக்கு உரிமையாளருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்க, பெரும்பாலும் சந்தோஷமா சரின்னுடுவாங்க. பழைய சுருளைத் தூக்கிப் போடாதீங்க, அவருக்கு அது வேணும். இடம், அவர் வேற சொல்ற வரைக்கும் ஆயத்தொலைவு காட்டுற பழைய இடம்தான்.

---

தேக்கா_மாமா | சனி, மாலை 4:30

அந்தப் பெரியவர் எத்தனை வருடமாக அங்கே வருகிறாராம்? பேர்ல் பேங்க் வீட்டில் இருந்தவராக இருப்பாரோ? அடுத்த முறை கேட்டுச் சொல்லுங்கள் தம்பி.

---

வழிப்போக்கன்65 | சனி, இரவு 9:05

கேட்கிறேன் மாமா. அடுத்த சனிக்கிழமை சுருளோட போறேன்.

காந்தமுள் அண்ணே, பழைய இடத்துலயே மாட்டிட்டுத்தான் வந்தேன். ஒண்ணு மட்டும் இடிக்குது. நான் மாட்டுறதைத் தாத்தா பார்த்துக்கிட்டே இருந்தார். தலையை ஆட்டிட்டு, "ராங் ஹோல்"னார்.